சத்தமில்லாமல் பார்த்த ஆட்டம்

உதய் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். தங்கச் சுரங்க ஊரிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் பேசிப் பேசிப் பழகிய வாய். வளைகுடாவில் உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்கவிருந்த சமயம், ஊரின் மைசூர் மைன்ஸ் கிளப்பில் பெரிய திரை கட்டப் பேச்சு நடந்தது. அவன் எழுந்து நின்றான்.

"அந்த ஸ்டேடியம் கட்டறப்ப எத்தினி பேரு செத்தாங்க! நம்ம ஏசுபாதம் அண்ணன் சாரத்துலேர்ந்து விழுந்து பெட்டியில வந்தாரே, மறந்துட்டீங்களா? சுரங்க ஷாஃப்ட்டுல சாவு விழுந்தா கிரவுண்டுல பந்து உருளாது. அது நம்ம ஊரு வழக்கம். இப்ப மட்டும் இன்னா கூத்து?"

திரை வேண்டாம், வீடுகளிலும் யாரும் பார்க்கக் கூடாது என்று முடிவாயிற்று. கிளப் வாசலில் ஏசுபாதத்தின் படம் போட்ட பேனர் ஏறியது. அதன் முன்னால் உதய் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவுக்கு ஃபேஸ்புக்கில் ஏகப்பட்ட பாராட்டு. ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் அவன் சொன்னது நியாயம்தான்.

ஆனால் வழக்கத்தில் பாதியைத்தான் சொல்லியிருந்தான். சுரங்கத்தில் ஆள் செத்தால் பந்து விளையாடுகிறவர்கள் முதலில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். எத்தனை நாள் ஆட்டம் வேண்டாம் என்பதை அந்த வீட்டுப் பெண்தான் சொல்ல வேண்டும். ஏசுபாதத்தின் மனைவி பியூலா பக்கத்து லைன் வீட்டில்தான் இருந்தாள். பேனருக்குப் படம் வாங்கக்கூட அவளிடம் யாரும் போகவில்லை.

இறுதி ஆட்டத்தன்று உதயால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மனைவி நளினி பங்காருபேட்டைக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நளினிதான் வந்துவிட்டாள் என்று திறந்தான். பியூலா நின்றிருந்தாள்.

"அக்கா... இல்ல, சும்மா சேனல் மாத்தறப்ப..." ரிமோட்டைத் தேடி எடுத்தான்.

"அணைக்காத உதய். இதைக் கேக்கத்தான் வந்தேன். யாரும் பாக்கக் கூடாதுன்னு சொன்னியாமே, அதான் உன்னாண்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பாக்கலாம்னு. கூரை வேலையெல்லாம் நாங்கதான் பாக்கறோம், மேட்ச் நடக்கறப்ப டிவியில பாருன்னு அவரு போன்ல சொல்லினே இருப்பாரு. அவரு கட்டின எடத்த ஒருவாட்டி பாக்கணும்."

அனுமதி கேட்டு வந்திருக்கிறாள், தன்னிடம். வழக்கப்படி போய்க் கேட்டிருக்க வேண்டியவன் அவன்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அக்கா" என்றான்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கேமரா பந்தையே துரத்திக்கொண்டிருந்தது. பந்து வெளியே போனபோது ஒரு கணம் மேலிருந்து மைதானம் முழுவதையும் காட்டினார்கள். பியூலா டிவிக்கு அருகில் போய், கூரையின் ஓரத்தில் விரலை வைத்தாள். "இங்கதான் போல" என்றாள் மெதுவாக.

படம் மாறியது. ஒருவன் பந்தை வலைக்குள் அடித்தான்.

"கோல்!"

உதய் துள்ளி எழுந்து கத்தியிருந்தான். இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

பியூலா விரலை எடுக்காமல் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூரைய மறுபடியும் காட்டுவாங்களா, உதய்?"