மத்தியானத்தில் நடந்த சுவர்

பொலிக்ரோனியின் காதுகள் மலைக்கு அந்தப் பக்கம் பேசுவதையும் பிடித்துவிடும் என்று பெட்ரோலாகா என்ற கிரேக்க மலையூரில் சொல்வார்கள். அவ்வளவு பெரிய காதுகள். அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு மெல்பர்னுக்குக் கப்பலேறி முப்பத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. ஆகவே, கீழே கடற்கரை விடுதியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு வெளிநாட்டுக்காரன் தொப்பியைக் கழற்றியபோது, பக்கத்து வீட்டுச் சராந்திஸ் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். அதே காதுகள்.

அவர் பயந்ததற்குக் காரணம் ஓர் அத்திமரம்.

பூட்டிய வீட்டின் கொல்லைக்கும் சராந்திஸின் கொல்லைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். சாந்து கிடையாது, கல்மேல் கல் அடுக்கியது. மழைக்காலம்தோறும் கொஞ்சம் சரியும். சராந்திஸ் நல்ல அண்டைவீட்டுக்காரர். மழை விட்டதும் தானே எடுத்துக் கட்டிவிடுவார். கட்டும்போது முதுகுவலி காரணமாக ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிடுவார். முதுகு எந்த வருடமும் இந்தப் பக்கம் தள்ளும்படி வலித்ததில்லை. இப்படியே முப்பத்தெட்டு சாண் ஆனபோது, பொலிக்ரோனியின் சன்னலோரம் நின்ற அத்திமரம் சராந்திஸின் மரமாகியிருந்தது. மரத்தைத் தான் ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை என்று அவர் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்.

காதுக்காரன் நேரே அந்தச் சுவருக்குத்தான் போனான். குந்தி உட்கார்ந்தான். கல்லைத் தடவினான், படம் எடுத்தான், நோட்டில் என்னவோ எழுதினான். அந்நியனுக்கு இனிப்புக் கொடுத்த பிறகுதான் விசாரிக்க வேண்டும் என்பது ஊர் மரியாதை. சராந்திஸ் பாகில் ஊறிய அத்திக்காயும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுபோய் நீட்டினார்.

"தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?"

அரைகுறைக் கிரேக்கத்தில் பதில் வந்தது. பெயர் டோர்பன், ஊர் டென்மார்க். விடுதியில் காலை எட்டு மணிக்கே நீச்சல்குளத்தில் பாட்டுப் போட்டு ஆடச் சொல்கிறார்களாம், தப்பித்து வந்தானாம். பழைய கற்சுவர் என்றால் உயிராம்.

"டென்மார்க்காம்," என்றார் சராந்திஸ், வீட்டுக்குள் வந்து. "மெல்பர்ன்லேருந்து வர்றவன் வேற என்ன சொல்லுவான்?"

"டென்மார்க்லேருந்து வர்றவன் என்ன சொல்லணும்?" என்றாள் மனைவி எவாந்தியா.

டென்மார்க்கிலிருந்து வருகிறவனும் அதையேதான் சொல்வான் என்பது அவர் சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கியது. வழக்கு வந்து மானம் போவதற்குள் சுவரைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை பெட்ரோலாகா தூங்கும். அந்த நேரத்தில் கோழி கொக்கரித்தாலும் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். சராந்திஸ் கம்பளிக் காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டு, தூங்கும் குழந்தைகளைப் போலக் கற்களைத் தூக்கித் தூக்கி வைத்தார். நாளுக்கு ஆறு சாண். கடைசி நாள் மட்டும் எட்டு. ஆறே மத்தியானத்தில் அத்திமரம் கைவிட்டுப் போனது. டோர்பனோ தினமும் காலையில் வந்து, படம் எடுத்துவிட்டு, இனிப்பைத் தின்றுவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே காபிக்கடையில் இருந்தபோது, அவன் ஏழு படங்களை மேசையில் வரிசையாக வைத்தான். சன்னல் அதே இடம். மரம் அதே இடம். சுவர் மட்டும் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடம். உங்கள் சுவர் நடக்கிறது என்று பயபக்தியோடு சொன்னான்.

சராந்திஸ் மேசையின் விரிசலைக் கவனமாகப் பார்த்தார். ஆனால் அந்த ஊரில் முதுகுவலி இல்லாத ஆள் கிடையாது. பாதிரியாரின் வாதுமைத் தோட்டச் சுவரே ஒரு காலத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்ததுதான். அவர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"நடக்கும் தம்பி. இங்க சில சுவர் நடக்கும். மத்தியானத்துல நடக்கும். நாங்க தூங்கிடுறதால யாரும் பாத்ததில்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். டோர்பன் மகிழ்ந்துபோய்த் தன் அப்பாவின் படத்தையும் காட்டினான். அப்பாவுக்கும் அதே காது. பின்னால் முழங்கால் அளவு பனி. ஒரு டென்மார்க்காரனுக்காக மரத்தை விட்டுவிட்டோமே என்று சராந்திஸ் அன்று முழுக்கப் புலம்பினார்.

அவன் கீழே போய்ச் சொல்லாமல் இருப்பானா? அடுத்த வாரமே விடுதி ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ் வந்தால் சுவர் நடந்தாக வேண்டும். ஊர் சராந்திஸைப் பார்த்தது. இந்த முறை சுவர் எந்தப் பக்கம் நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டு பாதியில், பழம் கனியும் நேரத்துக்குச் சரியாக, அது அத்திமரத்தைத் தாண்டியது.

அன்றைய பஸ்ஸில் ஒரு பெண் வந்தாள். சின்னக் காதுகள். அதனால் சராந்திஸுக்குச் சந்தேகமே வரவில்லை. பழத்தட்டை நீட்டியபடி, யார் வீட்டுப் பிள்ளை என்று வாய்வழக்கத்துக்குக் கேட்டார்.

"பொலிக்ரோனி பேத்தி, மாமா. லெமோனியா. மெல்பர்ன்லேருந்து வர்றேன்."

சராந்திஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா சாகறப்போ சொன்னாரு. இந்த மரம் உங்க அப்பா நட்டதாம். நீங்க குழந்தையா இருந்தப்ப தாத்தாதான் சுவரைச் சாண் சாணாத் தள்ளி எடுத்துக்கிட்டாராம். போய் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் குடுத்துடுன்னாரு. நான் வர்றதுக்குள்ள சுவரே குடுத்துடுச்சு." கண்ணைத் துடைத்தாள். நாளைக்குக் காகிதம் கொண்டுவருவதாகவும், இருவரும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

"கையெழுத்தாம்," என்றார் சராந்திஸ். "ஒரு மரத்தைச் சும்மா குடுக்க யாராவது இருபது மணி நேரம் பறந்து வருவாங்களா? போட்டேன்னா, சுவரை நான்தான் தள்ளினேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. பொலிக்ரோனி ரத்தம்."

"யோவ் மனுஷா, உங்க அப்பா நட்ட மரம்யா."

"எங்க அப்பா எங்கிட்ட சொல்லலையே."

மணி மூன்று அடித்தது. ஊர் தூங்கியது. சராந்திஸ் காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் லெமோனியா காகிதத்தோடு இறங்கியபோது, சுவர் அத்திமரத்தை அவள் பக்கம் விட்டுவிட்டுச் சராந்திஸ் பக்கம் நின்றது. ஒரே நாளில் அது அவ்வளவு தூரம் நடந்ததில்லை; பஸ்ஸில் வந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் சுவரின் மேல்கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"தாத்தாவை இன்னும் மன்னிக்கல போல," என்று மெல்லச் சொல்லி, காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உள்ளே எவாந்தியா வெறும் தட்டைக் கணவர் முன்னால் வைத்தாள். பழம் வேண்டுமானால் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டு வாங்கி வரச் சொன்னாள். சுவரைத் தாண்டும்போது முதுகைப் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னாள்.