சர்வருக்கு விட்ட லீவு

ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, நான் தோள்பையைக்கூட இறக்கவில்லை, பாக்கியநாதன் சார் என் மேஜைக்கே வந்து நின்றார். அவர் எங்கள் மேனேஜர். நாற்காலியை விட்டு எழுந்து வருகிற ஆளே இல்லை.

"இன்னாம்மா ஷஹனாஸ், நம்ம சைட்டு தொறக்கவே மாட்டேங்குது. ஹார்பர்ல இன்ஸ்பெக்டர் ஒக்காந்துகினு கீறாரு."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்புகளுக்கு இரும்பு வார்ப்பு செய்கிற கம்பெனி எங்களுடையது. ஒவ்வொரு வார்ப்பின் தரச் சான்றிதழையும் எங்கள் இணையதளத்தில் ஏற்றிவிடுவோம். சரக்கு வாங்குகிறவர்களின் இன்ஸ்பெக்டர் அதைத் திறந்து பார்த்தால்தான் பெட்டி கப்பல் ஏறும். இன்றைக்கு 403 என்ற எண்ணும், பார்க்க அனுமதி இல்லை என்ற வாசகமும்தான் வந்தன. கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது.

"மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள கூப்ட்ருவேன். அப்பறம் சர்வர் வேலைய மொத்தமா அவுங்களாண்டயே குட்த்துருவேன். நீ பழையபடி டேட்டா என்ட்ரிக்குப் போவலாம்."

பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வந்து, டேட்டா என்ட்ரியில் விரல் தேய்ந்து, சர்வரை இயக்குகிற லினக்ஸை நானாகவே படித்து இந்த வேலைக்கு வந்தவள் நான். ஒரு 403க்காக விட்டுக்கொடுப்பேனா?

சர்வரை முதலில் நிறுவியவர் வெங்கடேசன். இப்போது நாங்கள் இருவரும்தான் அதைப் பார்த்துக்கொள்கிறோம். அவர் லீவை நீட்டிக்கொண்டு செவ்வாப்பேட்டைப் பக்கம் தன் ஊரில் நடவில் இருந்தார். போன் அடித்தது, எடுக்கவில்லை. சரி, ஒண்டியாகவே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் பிழைப் பதிவு முழுக்க அனுமதி மறுப்பு, அனுமதி மறுப்பு என்றே இருந்தது. சான்றிதழ் கோப்புகளைப் பார்த்தேன். யாரும் படிக்கலாம் என்றுதான் இருந்தன. எனக்கு ஒவ்வொன்றும் திறந்தது. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் என்ன கேடு?

பாக்கியநாதன் சார் செல்போனும் கையுமாகத் திரும்பி வந்தார். "என் மச்சான் சொல்றான், எல்லாத்துக்கும் 777ன்னு ஃபுல் பர்மிஷன் போட்டுட்டா வேல முடிஞ்சிச்சாம்."

"போட்டா இந்த மெஷின்ல நொழையற எவன் வேணா சர்டிபிகேட்ட மாத்தலாம் சார். ஃபெயிலான காஸ்டிங்க பாஸுன்னு எழுதலாம். நான் போட மாட்டேன்."

"டைம் இல்லம்மா!"

"அதான் சார், கொஞ்சம் பேசாம இருங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அதிசயமாக அவரும் பேசாமல் இருந்தார்.

அந்த அமைதியில்தான் என் மடத்தனம் புரிந்தது. நான் நிர்வாகியின் பெயரில் நுழைந்திருந்தேன். நிர்வாகிக்கு எந்தக் கதவும் மூடாது. வெளியாட்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற புரோகிராமுக்குத் தனிப் பெயர் உண்டு, அதற்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் பெயரிலேயே நுழைந்து ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கினேன். மேலே இருந்தவை வழிவிட்டன. 'குவாலிட்டி' என்ற ஃபோல்டர் விடவில்லை. உள்ளே கோப்புகள் எவ்வளவு திறந்து கிடந்தால் என்ன, வழியில் ஒன்று சாத்தியிருந்தால் போய்ச் சேர முடியாது. அதன் உரிமையாளர் என்று பதிவான பெயரைத் தவிர வேறு யாரும் நுழையாதபடி அதை யாரோ மூடியிருந்தார்கள்.

கடந்து போகும் அனுமதியை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். சான்றிதழ் திரையில் வந்து நின்றது.

"ஹார்பருக்கு போன் போடுங்க சார்!" நான் கத்தியது கேட் வரை கேட்டிருக்கும்.

அந்த அனுமதி எப்போது மாறியது என்று பார்த்தேன். ஆயுத பூஜை அன்று. அன்றைக்கு நான் லீவு. அதை மாற்றத் தெரிந்தவராகக் கம்பெனியில் இருந்தது வெங்கடேசன் மட்டும்தான். சார் ஹார்பரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் என்னைத் திருப்பிக் கூப்பிட்டார்.

"ஆமாம்மா, நான்தான். பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தி பொட்டு வெச்சிட்டோம். சர்வர மட்டும் நிறுத்தாதன்னு சாரு சொல்ட்டாரு. அதான் அதுக்குப் பொட்டு மட்டும் வெச்சி போல்டர மூடிட்டேன். அதுக்கும் ஒரு நாளு லீவு வோணாமா? மறுநாளு வந்து தொறக்கலாம்னு இருந்தேன், நடவுல மறந்தே பூட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணா?"

"இல்லம்மா, இது எங்க பழக்கம். ஒனக்கு இன்னா புரியும்னுதான்..."

சிரிப்பு நின்றுபோனது. வலித்தது.

"பூஜைக்கு மொத நாளு அந்த சர்வர பிரிச்சி, தூசி தட்டி, தொடச்சி வெச்சது ஆருண்ணா? நீங்க பொட்டு வெச்சது நான் தொடச்ச எடத்துல."

மறுமுனையில் பம்புசெட்டை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "தப்புதாம்மா. சாராண்ட போன குடு, நானே சொல்லிட்றேன்" என்றார்.

கொடுத்தேன். சார் கேட்டுக்கொண்டார், கொஞ்சம் திட்டினார், போனைத் திருப்பித் தந்தார். "ஹார்பர்ல சர்டிபிகேட்டு தொறந்துடுச்சாம், மெட்ராஸ் ஆளு வோணாம்மா. நீயே பாத்துக்கோ."

காலையிலிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்டபோது சந்தோஷம் பாதிதான் வந்தது, 'ஒனக்கு இன்னா புரியும்' என்றது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. அடுத்த பூஜைக்கு அந்த ஃபோல்டரை மூடுவதென்றால், சாரிடம் கேட்டுக்கொண்டு, 'இன்று ஆயுத பூஜை, நாளை வருக' என்று ஒரு பக்கமும் எழுதி வைத்துவிட்டு, நான்தான் மூடுவேன். வெங்கடேசன் வந்ததும் முதல் வேலையாக இதை அவர் முகத்துக்கு நேரே சொல்வதென்று முடிவு செய்தேன்.