கால்மாட்டுச் சூடு

ஜூலை மாதம் ஒன்பதாம் தேதி, மாலை. தீப்பற்றும் அபாயமுள்ள ஸ்பைக் பஸ்டர் என்னும் நீள்வயர் பிளக் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் விடுத்த எச்சரிக்கையை, மின்சாதனக் கடைக்காரர் தம் கடைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தார். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அக்கதவு உள்நோக்கித் திறந்து சுவரோடு ஒட்டி நிற்கும். ஆகவே அவ்வெச்சரிக்கையை இதுவரை படித்து வந்தது சுவர் மட்டுமே.

அன்று சாரல் அடித்ததால் கதவைச் சாத்தினார். தையல் இயந்திரத்துக்குப் பல்பு வாங்க வந்து, மழை விடட்டும் என்று நின்றிருந்த தையற்காரி அதைப் படித்தாள்.

“அண்ணே, இது எப்ப வந்துச்சு?”

“அதுவா? கம்பெனிக்காரன் ஒட்டச் சொன்னான், ஒட்டிட்டேன்.”

“யாருக்கு, சுவத்துக்கா? உங்ககிட்ட வாங்கின வெள்ளைப் பெட்டி ரெண்டு எங்க வீட்டுல ஓடுதே!”

“எல்லாப் பெட்டியும் இல்லம்மா. அடியில நம்பர் ஒட்டியிருக்கும். இந்த நம்பரான்னு பார்த்துட்டு எடுத்துட்டு வா, மாத்தித் தர்றேன்.”

சிக்கலே அங்கேதான். அவள் மாமனார், வீட்டுக்குள் வரும் எப்பொருளின் மீதும் காகிதச் சீட்டு ஒட்டியிருக்கப் பொறுக்கமாட்டார். எண்ணெய் தடவி, ஊறவைத்து, நகத்தால் சுரண்டித் துடைத்த பிறகே அதைப் புழங்க விடுவார். நடக்க முடியாமல் படுத்த பின்னரும் அந்த ஒரு வேலையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இரு பெட்டிகளின் அடிப்புறங்களும் மொழுமொழுவென்று இருந்தன. ஒன்று தையல் இயந்திரத்துக்கு. மற்றொன்று, அவருக்குப் படுக்கைப்புண் வராதிருக்க ஓயாமல் காற்றடைக்கும் மெத்தையின் பம்புக்கு. அது கட்டிலுக்கடியில், தொங்கும் போர்வையின் மறைவில் கிடந்தது. தீ என்றால் எழுந்தோட இயலாத மனிதர் அதன் மேலே கிடந்தார்.

அவள் நனைந்தபடியே வீடு வந்தாள்.

“மாமா, அந்தப் பெட்டியில இருந்த நம்பர் ஞாபகம் இருக்கா?”

“நான் என்ன கணக்குப்பிள்ளையா? பளபளன்னு துடைச்சு வெச்சேனே, அதைச் சொல்ல மாட்டியே!”

“உங்க கைவரிசையாலதான் இப்ப முழிக்கிறோம்.”

பேருந்து ஓட்டிவிட்டு வந்து சாய்ந்திருந்த கணவன் சிரித்தான். “விட்டா அப்பா என் லைசென்ஸையே சுரண்டிடுவாரு.”

“சிரிக்காதீங்க. ரெண்டையும் எடுத்துடலாம்.”

“எடுத்தா பம்பு வயரு சுவருக்கு எட்டாதே. நாளைக்குப் பார்த்துக்கலாம் விடு.”

“அதானே!” என்றார் மாமனார். “அதை ஏம்மா எடுக்கறே? இந்த மழைக்குக் கால்மாட்டுல கணகணன்னு எவ்வளவு இதமா இருக்கு! ஒரு வாரமா காலுக்குப் போர்வையே வேண்டியிருக்கல.”

கணவனின் சிரிப்பு நின்றது. அவள் சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வயரைப் பற்றிப் பெட்டியை வெளியே இழுத்தாள். அதன் ஒரு பக்கம் பழுப்பேறி, மெழுகைப் போல வளைந்திருந்தது.

பம்பின் ஓசை அடங்கியது. மெத்தை மெல்ல மெல்ல இறங்கலாயிற்று. வயர் சுவரை எட்டவேண்டுமானால் கட்டிலைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பினால் மாமனாருக்கு ஜன்னல் போய்விடும். தெருவில் போகிறவர்களின் நடை, உடை, குடை ஆகியவற்றைக் குறை சொல்வதுதான் அவருடைய பகற்பொழுது.

“வேணாம்மா. நாள் பூரா சுவத்தைப் பார்த்துக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

“என்னைக் குறை சொல்லுங்க மாமா. நான் இங்கேயேதான் இருப்பேன்.”

அவளும் கணவனும் ஆளுக்கொரு புறம் பிடித்துக் கட்டிலைத் திருப்பினார்கள். பம்பு மீண்டும் ஓடியது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் அடுத்த அறைக்குப் போய்த் தையல் இயந்திரத்தின் பெட்டியையும் கழற்றினாள்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள், இப்போதே எழுந்திருங்கள். கட்டிலுக்கடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் கிடக்கும் உங்கள் பெட்டியைத் தேடுங்கள். சூடாகவோ நிறம் மாறியோ இருந்தால் அந்தக் கணமே சுவிட்சை அணையுங்கள். நாளைக்கு என்று சொல்லாதீர்கள்.