நாற்பது பேருக்கு ஒரு டோக்கன்

பிரிஸ்கில்லா ஒழுங்காக வெளிக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை, சில வாரம் ஐந்து நாளைக்கு ஒருமுறை. அதுவும் உத்திரமேரூர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் பேதி மாத்திரையைப் போட்டால்தான். ஆரம்பத்தில் ஒரு மாத்திரை போதும். இப்போது மூன்று போட்டாலும் வயிறு அம்மிக்கல் மாதிரி கிடந்தது. இந்த ஆனியில் ரத்தம் வந்த பிறகுதான் புருஷன் சாம்சனிடமே வாயைத் திறந்தாள்.

"ஆறு வருசமா எங்கிட்ட கூட சொல்லாம இருந்துக்கினு கீறியே" என்றான் அவன்.

"இத இன்னான்னு சொல்றது? மைக் போட்டா சொல்றது?" என்று எரிந்து விழுந்தாள். மைக் என்ற சொல் வாயில் வந்ததுமே அவளுக்கு முகம் சுருங்கியது.

காரணம் இருந்தது. திருப்புலிவனத்திலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கு அவளை ஏற்றிக்கொண்டு போகும் வேன், வாலாஜாபாத் பக்கத்தில் பை தைக்கிற ஒரு கம்பெனியில் இறக்கிவிடும். அவளுடைய லைனில் நாற்பது பெண்கள். நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன். சிவப்புப் பெயின்ட் அடித்த மரத்துண்டு, சூப்பர்வைசர் ஸ்ரீகாந்தின் மேஜையோரம் ஆணியில் தொங்கும். எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பிரிஸ்கில்லா எட்டு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். ஷெட் முழுக்கக் கேட்கும்படி ஸ்ரீகாந்த் மைக்கில் கூப்பிட்டான்: "பிரிஸ்கில்லா, உள்ளயே தூங்கிட்டியா?"

ஆண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பாத்ரூமுக்குள் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அன்றைக்கே முடிவு செய்தாள். காலையில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. முட்டிக்கொண்டு வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தைப்பது. முதலில் உடம்பு கெஞ்சியது. அப்புறம் கெஞ்சுவதையே விட்டுவிட்டது.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் கம்பெனியில் ஹெல்த் கேம்ப் நடத்தினார்கள். காஞ்சிபுரத்திலிருந்து டாக்டர் கலா என்று ஒரு அம்மா வந்தார்கள். சாப்பாட்டு ஷெட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, மலச்சிக்கல் இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். தயங்கித் தயங்கி இருபது முப்பது கைகள் எழுந்தன. டாக்டருக்கே ஆச்சரியம்.

"மாத்திரைய நம்பாதீங்கம்மா. பழக்கத்த மாத்துங்க. நெறைய தண்ணி குடிங்க. கீரை, கேழ்வரகு, தோலோட பயறு சாப்பிடுங்க. நடங்க. முக்கியமா, வரும்போது அடக்காதீங்க. அடக்கி அடக்கி வச்சா குடல் மறந்துடும். நம்ம சோம்பேறித்தனந்தான் பாதி வியாதிக்குக் காரணம்."

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஸ்ரீகாந்த், ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் பிரிஸ்கில்லாவுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. எழுந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது.

"மேடம், யாருக்கு சோம்பேறித்தனம்? காலைல நாலரைக்கு எய்ந்து சோறாக்கி வச்சுட்டு வர்றவளுக்கா? தண்ணி குடின்றீங்க. குடிச்சா எங்க போறது? நாப்பது பேருக்கு ஒரு டோக்கன் வச்சிக்கினு கீறாங்க. எட்டு நிமிசம் ஆனா மைக்ல பேர் சொல்லி மானத்த வாங்குறாங்க. அடக்காதன்றத இவருக்கு சொல்லுங்க. எங்களுக்கு இன்னாத்துக்கு சொல்றீங்க?"

டாக்டர் ஸ்ரீகாந்தைத் திரும்பிப் பார்த்தார்கள். "நிஜமா சார்?"

"புரொடக்‌ஷன் மேடம்... ஒரு டிசிப்ளினுக்காக..."

டாக்டர் அவனை விட்டுத் திரும்பினார்கள். பிறகு பிரிஸ்கில்லாவிடம், "அந்த வார்த்தைய நான் சொல்லிருக்கக் கூடாதும்மா" என்றார்கள். பேனாவை எடுத்து, கேட்ட ஒவ்வொருத்திக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தேவைப்படும்போதெல்லாம் கழிவறைக்குப் போக அனுமதிக்க வேண்டும், அருகிலேயே தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கையெழுத்தும் முத்திரையுமாக இருபத்தாறு சீட்டு.

மறுநாள் ஸ்ரீகாந்த் இருபத்தாறையும் வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினான். "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பழைய ரூல்ஸ்தான்." ஒரு வாரம் போயிற்று. கேட்டபோதெல்லாம் அதே பதில்.

வேனில் திரும்பும்போது பக்கத்து மெஷின் செவ்வந்தி அலுத்துக்கொண்டாள். "உட்ரு பிரிஸ்கி. பேஜாரு. டாக்டர் சீட்டுக்கே மதிப்பில்ல."

"மதிப்பில்லன்னா அவன் இன்னாத்துக்கு பூட்டி வைக்கணும்?" என்றாள் பிரிஸ்கில்லா. "நாளைக்கு எல்லாரும் பாட்டில் எடுத்துக்கினு வாங்க. வயிறு முட்டக் குடிப்போம். வரும்போது எய்ந்துக்குவோம். இதுல இன்னா தப்பு கீது?"

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு வேன் முழுக்கப் பேச்சு அதுவாகவே ஆயிற்று.

மறுநாள் காலை எட்டிலிருந்து நாற்பது பேரும் குடித்தார்கள். பத்து மணிக்கு பிரிஸ்கில்லா எழுந்து டோக்கனுக்குக் கையை நீட்டினாள். அவள் பின்னால் செவ்வந்தி. அவள் பின்னால் இன்னொருத்தி. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஸ்ரீகாந்தின் மேஜையிலிருந்து ஷெட் வாசல்வரை வரிசை.

"இன்னா விளையாட்டா? உக்காருங்க!"

"விளையாட்டு இல்ல சார். ஒண்ணுக்கு வருது" என்றாள் செவ்வந்தி.

அவன் மைக்கை எடுத்தான். பிரிஸ்கில்லா அவன் கண்ணையே பார்த்தாள். "சொல்லுங்க சார். நாப்பது பேரு பேரையும் சொல்லுங்க. நாங்க நின்னுக்கினுதான் இருப்போம்."

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து பை வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. வரிசையைப் பார்த்தார், நின்றுபோன மெஷின்களைப் பார்த்தார். "போங்கம்மா, எல்லாரும் போயிட்டு வாங்க" என்றார். அன்றைக்குக் கழற்றிய மரத்துண்டு திரும்ப மாட்டப்படவில்லை. ஆனால் இதுவரை செய்தது தப்பு என்று கம்பெனியில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உடம்பு அவ்வளவு சுலபமாக இறங்கி வரவில்லை. டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். காலைச் சமையலை சாம்சன் எடுத்துக்கொண்டான். அந்த அரைமணி நேரம் அவளுக்குக் கிடைத்தது. எழுந்ததும் வெந்நீர், பிறகு அவசரப்படாமல் பத்து நிமிஷம் உட்காருவது. நாஷ்டாவுக்குக் கேழ்வரகுக் கூழ், மத்தியானத்துக்கு முருங்கைக்கீரை. தெருமுனையில் ஏறாமல் ரோடு வரைக்கும் நடந்துபோய் வேனைப் பிடித்தாள். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சலில் கூழ்க் கிண்ணத்தைத் தள்ளிவிட்டதும் உண்டு. பதினெட்டாம் நாள், பையின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தபோது, மறந்தே போயிருந்த அந்த உணர்ச்சி அடிவயிற்றில் வந்தது. ஊசியைத் தூக்கி நிறுத்திவிட்டு எழுந்து போனாள். மாத்திரை இல்லாமல், ரத்தம் இல்லாமல். கதவுக்குப் பின்னாலேயே நின்று கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில் என்று சொல்ல முடியாது. இவ்வளவுதானா, இதற்கா ஆறு வருஷம் என்ற ஆத்திரம்.

ஐப்பசியில் ஆபீசிலிருந்து ஒரு பையன் கேமராவோடு வந்தான். கம்பெனி நடத்திய கேம்பினால் தொழிலாளிகள் ஆரோக்கியமான பழக்கங்களுக்கு மாறியிருக்கிறார்கள் என்று போர்டு வைக்கப் போகிறார்களாம். தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னான்.

"எங்க பழக்கம் மாறிச்சுன்னு போடுவியா?" என்று கேட்டாள் பிரிஸ்கில்லா.

"ஆமாக்கா."

"உங்க பழக்கம் மாறிச்சுன்னு போடு. அப்ப வந்து நிக்கிறேன்."

பையன் கேமராவை இறக்கினான். அவள் மெஷினுக்குத் திரும்பி, அடுத்த பையை ஊசிக்கடியில் தள்ளினாள்.