மாசிலாமணியின் பேரன்

பம்மலில் தம்பி அன்பு வீட்டு முன்னறையில் தனம் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவன் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். அத்தைதான் பேர் சொல்ல வேண்டும். வெற்றிலையால் மறைத்துக் காதில் மூன்று தடவை. அதற்காகவே தலைக்குக் குளித்துவிட்டுப் பொழிச்சலூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள்.

என்ன பேர் என்று அவள் கேட்கவில்லை. கேட்பானேன்? அப்பா பேர், மாசிலாமணி. குற்றமில்லாத மணி என்று அர்த்தம். திருமுல்லைவாயில் சிவனின் பேர். ஒரு காலத்தில் பம்மல் தோல் கம்பெனியில் ஒரே ஷிப்டில் மூன்று மாசிலாமணிகள் இருந்தார்களாம். அப்பா 'கண்ணாடி மாசிலா'. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தனத்துக்குப் பையன் பிறந்தபோது அந்தப் பேரைத்தான் வைக்க இருந்தாள். இந்த அன்புதான் ஆஸ்பத்திரிக்கே வந்து கண்ணைக் கசக்கினான். மகன் வழிப் பேரனுக்குத்தான் அது சேர வேண்டுமாம், தனக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமாம். அப்போது கல்யாணம்கூட ஆகாத பயல்! அவளும் மனசு இளகி, பெற்ற பிள்ளைக்குப் பாலு என்று ஏதோ ஒரு பேரை வைத்தாள்.

அன்பு குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"ரியான்ஷ்னு சொல்லுக்கா. பர்த் சர்ட்டிபிகேட்ல போன மாசமே ஏத்தியாச்சு."

தனம் சட்டென்று நிமிர்ந்தாள். அப்பா பேர் என்னாச்சு என்று கேட்டாள். அவன் கூசாமல் போனை நீட்டினான். பேர்களுக்கென்றே உள்ள ஏதோ ஒரு பக்கம். மாசிலாமணிக்கு அர்த்தம், எங்கிருந்து வந்தது, இப்போது எத்தனை பேர் வைக்கிறார்கள் எல்லாம் போட்டிருந்தது. கடைசியில் 'மிகக் குறைவு' என்று சிவப்பு எழுத்து. அவன் பெண்டாட்டி ஷீலா தேடிப் பார்த்தாளாம். ஸ்கூலில் கிண்டல் பண்ணுவார்களாம்.

"இப்போ யாரும் வைக்கிறதில்லக்கா. இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற?"

"நான் வைக்கத்தான இருந்தேன். அன்னிக்கு ஏன்டா வாணாம்னே?"

அவன் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாவி, நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டானே. எழுந்து போய்விடலாம். போனால், அத்தைக்காரிக்குப் பொறாமை என்று ஊர் பேசும்.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் நேரமாகிறது என்றார்கள். தனம் வெற்றிலையைக் குழந்தையின் காதோரம் வைத்துக் குனிந்தாள். மூன்று தடவை உதட்டை அசைத்தாள். எந்தப் பேரையும் சொல்லவில்லை.

"சொல்ட்டியாக்கா?" என்றான் அன்பு.

சொல்லிவிட்டதாகத் தலையாட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். குழந்தை மட்டும் தலையைத் திருப்பி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.