யாரும் படித்துக் காட்டாத மரம்

கோடை தொடங்கிய வாரத்தில் ஊர் மரங்களெல்லாம் மில்காரருக்கு நிழல் கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. அவர் மரம் அறுக்கும் மில் வைத்திருந்தார். காலையில் வீட்டிலிருந்து மில்லுக்கும் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கும் நடந்தே போய் வருவார். முதலில் விலகியது பள்ளிக்கூட வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம். அவர் அதன் அடியில் கால் வைத்ததும் நிழல் பாயைச் சுருட்டுவதுபோல் ஓரத்திலிருந்து சுருண்டு, அடிமரத்துப் பக்கம் ஒதுங்கி நின்றது. அவர் கடந்து போனதும் மறுபடி விரிந்துகொண்டது. அங்கே சைக்கிளைச் சாய்த்து நின்றிருந்த தபால்காரர் இதைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்து தபால் நிலையத்துக் கொன்றை, பிறகு சந்தைக்குப் பின்னால் இருந்த வேம்புகள். மரங்களுக்குள் செய்தி எப்படிப் பரவுகிறது என்று யாரும் பார்த்ததில்லை, ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் பரவிவிட்டது. கட்டடங்களும் மேகங்களும் அவரிடம் வழக்கம்போலவே நடந்துகொண்டன. மில்லில் அடுக்கி வைத்திருந்த பலகைகள்கூட அவருக்கு நிழல் தந்தன. அறுபட்டவை பகை பாராட்டவில்லை, நிற்பவைதான் பாராட்டின.

காரணம் ஒரு புத்தகம். மில்காரரின் தம்பி மனைவி குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். அந்த வருடம் அவள் வரைந்தது, காட்டு விலங்குகள் கூடி மரங்களைக் காப்பாற்றும் கதை. ஒரு கரடி, ஒரு முள்ளம்பன்றி, மான்கள், பகலெல்லாம் தூங்கி வழியும் ஓர் ஆந்தை. கோடரியோடு ஒரு மரவெட்டி வரும்போது அவை ஆளுக்கொரு மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. முள்ளம்பன்றி கட்டிக்கொண்ட மரம் மட்டும் கொஞ்சம் முகம் சுளிக்கிறது. மரவெட்டி செய்வதறியாமல் ஓடிப்போகிறான். விலங்குகளை அவள் மனதிலிருந்தே வரைந்துவிடுவாள். மனித முகத்துக்கு மட்டும் எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும். அவள் கணவனுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. ஆகவே அவன் அண்ணனைக் கேட்டாள். மில்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. மரத்தூள் படிந்த ஸ்டூலில், பக்கத்து விறகுக் கடையில் இரவல் வாங்கிய கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு, மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார். "தோளு இறங்கிடுச்சுன்னா சொல்லும்மா, தூக்கிக்கிறேன்" என்று மட்டும் அவ்வப்போது சொன்னார்.

படம் நன்றாகவே வந்தது. அதுதான் சிக்கலாகப் போயிற்று. பதிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, "இவர் மரம் வெட்ட வந்த மாதிரியே இல்லையே, கல்யாணத்துக்குக் கூப்பிட வந்த மாதிரி இருக்காரு. புருவத்தை மட்டும் கொஞ்சம் நெரிச்சு விடுங்க" என்றார். அவள் புருவத்தில் இரண்டு கோடுகள் சேர்த்தாள். நல்லவர் ஒருவரைக் கெட்டவராக்க அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. உலகத்தில் பாதிப் பழிகள் இப்படித்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காத ஒரு கையால் ஏற்படுகின்றன.

புத்தகம் வந்ததும் மில்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுக் கட்டாக வாங்கி, மில்லில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார், பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தார். தான் பிரித்துப் பார்க்கவில்லை. படப் புத்தகம் பிள்ளைகளுக்கு என்பது அவர் எண்ணம். பள்ளிக்கூட டீச்சர் காற்றாட இருக்கட்டுமென்று பிள்ளைகளைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார வைத்து வாசித்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து முடித்ததும், கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமென்று புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். பிள்ளைகள் பார்த்தார்கள். மரமும் பார்த்தது. கடவுள் மரத்துக்கு வாய் கொடுக்கவில்லை. கோபம் வந்தாலும் அன்பு வந்தாலும் அது நிழலைக் கொண்டுதான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் அவரைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளியத் தொடங்கியதும் மில்காரரின் மனைவி ஒரு வீட்டில் புத்தகத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பார்த்த கையோடு கொழுந்தன் வீட்டுக்குப் போனாள்.

"உன் மாமா மூஞ்சியில என்னடி குறை கண்டே? இந்த வீட்டுக் கதவு யார் மில்லு மரம்? கட்டில் யார் மில்லு மரம்? நீ உக்காந்து இந்தக் கண்றாவிய வரைஞ்சியே, அந்த மேஜை?"

"அக்கா, அது மாமா இல்லக்கா. கதையில வர்ற ஆளு."

"அதை மரத்துக்கிட்டப் போய்ச் சொல்லு."

அன்றோடு அவள் ஓரகத்தியிடம் பேச்சை நிறுத்தினாள். ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. கோலப்பொடி வாங்கவும் குழாயடிக்கும் ஒரே நேரத்தில் வெளியே வந்தாலும், பார்வை படாமல் போய் வரப் பழகிக்கொண்டார்கள். மில்காரரோ அந்தப் பக்கத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "மூக்கு நல்லா வந்திருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "புருவம்தான் வேற யாரோடதோ" என்றார். தம்பி மனைவி அழுதுகொண்டு மில்லுக்கு வந்தபோது, "விடும்மா. நான் அறுக்காத மரமா? இத்தனை வருஷம் அதுங்க நிழல் குடுத்ததே பெரிசு" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அவர் திட்டியிருந்தால் அவள் அன்றிரவு தூங்கியிருப்பாள்.

இரண்டாம் பதிப்பில் அவள் மரவெட்டிக்கு யார் சாயலும் இல்லாத உருண்டை முகம் ஒன்று வைத்தாள். திருத்திய பக்கத்தைத் தூங்குமூஞ்சி மரத்தடிக்கே கொண்டுபோய்ப் பிடித்தும் காட்டினாள். மரம் அவளுக்குத் தாராளமாக நிழல் கொடுத்தது. அடுத்து வந்த மில்காரருக்குக் கொடுக்கவில்லை. பதிப்பு மாறியதை மரங்கள் பொருட்படுத்தவில்லை. அதிலிருந்து அவள் மனிதர்களையே வரைவதில்லை என்றாகிவிட்டது. அவள் புத்தகங்களில் அணில்கள் பள்ளிக்கூடம் போயின, நரிகள் பஸ் ஓட்டின, கண்டக்டராக ஒரு வாத்து இருந்தது.

மில்காரரின் முகமும் கழுத்தும் காய்ந்து கறுத்தன. ஒரு நாள் சந்தைச் சாலையில் மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு மில் ஆட்கள், யாரும் சொல்லாமலேயே, ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவர் நடக்கும்போது ஒருவர் வெயில் பக்கமாகக் கூடவே நடப்பார், தன் நிழல் அவர் மேல் விழும்படி. உயரமானவர்களுக்கு மவுசு கூடியது. குள்ளமான கணக்குப்பிள்ளை மட்டும் தன் முறை வரும் நாளில் தொப்பி போட்டு வந்தார். "உங்க நிழல்ல எனக்கு இடுப்பு வரைக்கும்தான்யா சுகம்" என்று மில்காரர் சிரிப்பார். நாளடைவில் தபால்காரரும் காய்கறிக்காரியும்கூட அவரைக் கண்டால் இயல்பாக வெயில் பக்கம் மாறி நடந்தார்கள். உச்சி வெயிலில் மனிதர் நிழல் காலடியோடு நின்றுவிடுவதால் அந்த நேரத்தில் மட்டும் அவர் வெளியே வருவதில்லை. பிள்ளைகளின் பயமும் தெளிந்தது. பெரியவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மில்லுக்குப் பின்னால் மரத்தூள் கொட்டும் இடத்தில் ஒரு செடி முளைத்தது மூன்றாம் கோடையில். மில்காரர் அங்கே நின்று வியர்வையைத் துடைத்தபோது வலது கால் பெருவிரல் மட்டும் குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். ஒரு வாதுமைக் கன்று, அதன் ஒற்றைப் பெரிய இலையின் நிழல் விரல் மேல் விழுந்து, விலகாமல் கிடந்தது. புத்தகம் வந்த பிறகு முளைத்த கன்று. அதற்கு யாரும் கதை சொல்லவில்லை. ரம்பத்தின் சத்தத்தில் வேறு எதுவும் அதன் காதில் விழுந்திருக்கவும் வழியில்லை. அவர் சுற்றிலும் கழிவுப் பலகையால் வேலி அடித்தார். ஆடு வரும் பக்கம் இரட்டை வேலி. காலையும் மாலையும் தானே தண்ணீர் ஊற்றினார், வேறு யாரையும் விடவில்லை. அடுத்த கோடையில் இரண்டு பாதமும் நனைகிற அளவு நிழல். அதற்கடுத்து முழங்கால். பிறகு ஒரு நாற்காலி போட இடம். முகத்தில் பழைய நிறம் திரும்பியது.

இதற்குள் ஊரில் ஒரு கட்டுப்பாடு தானாக ஏற்பட்டிருந்தது. அந்தப் பக்கம் யாரும் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. மில்லுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளின் பையை வாசலிலேயே வாங்கி வைத்தார்கள். டீச்சர் அந்த வழியாகப் போனால் வேறு பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனாள். மில்காரரின் மனைவி மாலையில் கணவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்த மரத்திடம் நல்லதாக நாலு வார்த்தை பேசி வைத்தாள்.

மரத்தின் நிழல் அடியில் ஒரு கட்டில் போடும் அளவு விரிந்த வருடம் மில்காரர் மனைவியிடம் சொன்னார், தம்பி மனைவியைப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன், பழைய பதிப்பு, மரத்துக்கு வாசிக்கப் போகிறாள் என்று.

"உங்களுக்கென்ன புத்தி பிசகிப் போச்சா? கெடைச்ச நிழலை யாராவது கூப்பிட்டு வச்சு விசாரிப்பாங்களா?"

"தெரிஞ்சு குடுத்தா வாங்கிக்கலாம். தெரியாம குடுக்கிறத எத்தனை நாளைக்கு வாங்குறது?"

"மறுபடி மயங்கி விழுந்தா?"

"நீதான் இருக்கியே, தூக்கிவிட" என்றார் அவர். அவள் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் ரம்பத்தை நிறுத்தி வைத்து, வாசிப்பு நடந்தது. மில் ஆட்கள் வேலி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தம்பி மனைவி நிழலுக்கு வெளியே, வெயிலில் நின்று புத்தகத்தைப் பிரித்தாள். "மாமா, வேண்டாமே" என்றாள். "நீ போட்டது போட்ட மாதிரியே படி. புருவத்துக்கு வக்காலத்து வாங்காதே" என்றார் அவர். அவள் வாசித்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் டீச்சர் செய்வதுபோல் உயரத் தூக்கி மரத்துக்குக் காட்டினாள். கரடி வந்தது, மான்கள் வந்தன, ஆந்தை கொட்டாவி விட்டது. மரவெட்டி வரும் பக்கத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. "படிம்மா" என்றார். அவள் படித்து, படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

காற்றே இல்லை. இலைகளெல்லாம் ஒரு முறை நடுங்கின. நிழல் அவர் தலையிலிருந்து இறங்கி, மடியை விட்டு, முழங்காலை விட்டு, பாதத்தை விட்டு, அடிமரத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குள் ஒடுங்கிக்கொண்டது. வெயில் அவர் முகத்தில் முழுசாக விழுந்தது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு குடையை எடுக்கப் போனாள். தம்பி மனைவி மிச்சப் பக்கங்களைக் கண்ணீரோடு வாசித்து, புத்தகத்தை மூடினாள்.

"நல்லது" என்றார் மில்காரர் மரத்திடம். "இப்போ உனக்கும் தெரியும். படத்துல இருக்கிற அளவுக்கு நான் மோசமில்லை, ஆனா அறுத்ததெல்லாம் நெசந்தான்."

நிழலைத் திரும்பக் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றும் நேரமாகியிருந்தது. எழுந்துபோய் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தார். வழக்கம்போல முதலில் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார், வேரைச் சுற்றி மரத்தூளை ஒதுக்கினார், குனிந்து மெல்ல ஊற்றினார். பாதி வாளி முடிந்தபோது அவருடைய முதுகில் ஒரு கையகல நிழல் விழுந்தது. வேலி ஓரத்தில் நின்ற கணக்குப்பிள்ளைதான் அதை முதலில் பார்த்தார். மீதி வாளி முடிவதற்குள் நிழல் அவர் தோளை மூடி, தலையை மூடி, பின்னால் கிடந்த நாற்காலியையும் மூடியது. குடையோடு வந்த மனைவி அதை விரிக்காமல் நின்றாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கே வெயில்ல என்னடி பண்றே? உள்ள வந்து உக்காரு. இடம் இருக்குல்ல" என்றாள் ஓரகத்தியிடம்.

தெரு மரங்கள் இன்றுவரை மனம் மாறவில்லை. அவர் போகும்போது நிழலைச் சுருட்டிக்கொள்கின்றன, மனிதர்கள் வெயில் பக்கம் மாறி நடக்கிறார்கள். மில்லுக்குப் பின்னால் இருக்கும் வாதுமையின் நிழல் மட்டும், சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும், மூன்று பேர் உட்காரும் அந்த ஓர் இடத்திலேயே விழுகிறது. ஈரப் பலகைகளை நிழலில்தான் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். நகராத அந்த நிழல் அதற்குத் தோதுதான். ஆனாலும் மில் ஆட்கள் அந்த இடத்தை அந்த மூன்று பேருக்கு விட்டுவிட்டு, பலகைகளுக்குத் தகரக் கூரை ஒன்று போட்டுக்கொண்டார்கள்.