குழாய்க்குக் கீழே ஒரு திரி

கப்பல் ஊருக்குத் திரும்ப வேண்டுமென்றால் காற்று சுத்தமாக இருக்க வேண்டும். தென்துருவக் கடலில், பனிப்பாளங்களுக்கு நடுவே, முகப்பைக் காற்றுக்கு நேராக வைத்துக்கொண்டு கிடந்தோம். முகப்புக் கம்பத்தில் ஒரு குழாய் உண்டு. அது இழுக்கிற காற்றை உள்ளே ஒரு மெஷின் அளக்கும். மனிதர் எரித்த கரி இந்த மூலை வரைக்கும் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு வாரம் முழுக்க அதன் திரையில் கோடு கலங்காமல் ஓடினால் வீட்டுக்கு. இடையில் எங்கள் கரியே உள்ளே புகுந்தால் மறுபடி முதலிலிருந்து.

என்னோடு டெக்கில் துரு சுரண்டுகிறவன் வேலாயுதன், கொல்லயில் என்ற ஊர்க்காரன். அவன் பெண்டாட்டி பிரேமகுமாரிக்கு நெஞ்சில் ஆபரேஷன். அவன் வந்து நின்றால்தான் சம்மதிப்பேன் என்று அவள் பிடிவாதம். இந்த மாசத்தைத் தாண்ட விடக்கூடாது என்று டாக்டர்.

மெஷினைப் பார்க்கிற லேகா மேடம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். தினமும் ஒரே நேரத்தில் கோடு குத்தாக எழும்பித் தாழ்ந்தது. முகப்பில் யாராவது பீடி பிடிக்கிறார்களா, பார்த்துச் சொல்லுங்கள் ராஜையா என்றார்.

அந்த நேரத்துக்குப் போனேன். குழாய்க்கு நேர் கீழே, கயிறு இழுக்கிற விஞ்சின் மறைவில் வேலாயுதன் குத்தவைத்திருந்தான். முன்னால் பால்பொடி டின். அதற்குள் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய், எரிகிற திரி. அங்கே சூரியன் மறைவதில்லை. அவன் வாட்ச்சை ஊர் நேரத்திலேயே வைத்திருந்தான். வீட்டில் அந்தியில் சந்திவிளக்கு வைக்கும் நேரம் அது. அறையில் கொளுத்தினால் புகைமணி அலறும். டெக்கில் காற்று அடிக்காத இடம் இது ஒன்றுதான்.

"அவ ஆஸ்பத்திரியில கெடக்கா அண்ணே. வீட்டுல விளக்கு வைக்க ஆளில்ல. ஒரு நாளு முடங்கிச்சுன்னா அவளுக்கு வல்லதும் வந்துருமோன்னு பயமாக்கும்."

திரையில் கண்டதைச் சொன்னேன். சிரித்தான். இத்தனை பெரிய எஞ்சின் புகைக்குப் பேசாமல் இருக்கிற மெஷின் ஒரு விரல் திரிக்கா பிணங்கும் என்று கேட்டான்.

"எஞ்சின் புகை பொறத்தால போவுது மக்கா. இது நேரே அதுக்க மூக்குல கேறுது."

சிரிப்பு நின்றது. பனியைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான். வாயால் ஊதக்கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். விரலால் திரியை எண்ணெய்க்குள் தாழ்த்தினான். தீப்பெட்டியை என் கையில் வைத்தான்.

"நான் கேட்டாலும் தரப்பிடாது."

இனி அங்கே யாரும் தீ மூட்டமாட்டார்கள் என்று மேடத்திடம் சொன்னேன். பெயர் கேட்டார், சொல்லவில்லை. கோடு தரையோடு படுத்து ஓடத் தொடங்கியது. வேலாயுதனுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தி நேரம் வந்தால், நான் எங்கே இருந்தாலும் பக்கத்தில் வந்து நிற்பான். ஒன்றும் கேட்கமாட்டான்.

வாரம் முடியப்போகிற சமயம் சாட்டிலைட் போனில் அவன் மச்சான் பிஜு கூப்பிட்டான். பிரேமகுமாரிக்கு மூச்சு முட்டி ஐசியுவுக்கு மாற்றியிருக்கிறார்கள். போனை வைத்ததும் வேலாயுதன் நேரே என்னிடம் வந்தான்.

"தீப்பெட்டியத் தாருங்க."

இன்னும் ரெண்டு நாள்தான், கப்பல் திரும்பிவிடும் என்றேன்.

"விளக்க நிறுத்துனதுக்குப் பெறவாக்கும் இது வந்தது. உங்க வீட்டுக்காரிக்கு இப்படின்னா நீங்க ஜெபிக்காம இருப்பியளா?"

கொடுத்தால் இன்னொரு வாரம் இங்கேயே கிடப்போம். அவன் போய்ச் சேர்வதற்குள் மாசம் கழிந்துவிடும். கொடுக்காமல் அங்கே ஏதாவது நடந்துவிட்டால், சாகும்வரை அவன் என் முகத்தில் விழிக்கமாட்டான். கால்சட்டைப் பைக்குள் பெட்டியை இறுக்கிப் பிடித்தேன். கடலில் எறிந்துவிடலாம் என்று தோன்றியது; கை வெளியே வரவில்லை. என்னைவிட வலு உள்ளவன், பறித்திருக்கலாம். நீட்டிய கையோடு அப்படியே நின்றான்.

கடைசியில் வாட்ச்சைப் பார்த்தான்.

"இன்னைக்குள்ள சந்தி கழிஞ்சு" என்றான். ஆனாலும் என் பக்கத்தை விட்டுப் போகவில்லை.